அந்தச் சில்லுக்கு மட்டும் பெயின்ற் பூசவில்லை

தரகர் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். குனிந்து சில்லுகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அக்கா, கார் பரவாயில்லை. ஆனால் சில்லைப் பாத்தால் ஆரும் விலையைக் குறைச்சுத்தான் கேப்பினம். ஒரு பெயின்ற் அடிச்சு விடுங்கோ. கொழும்பிலை ஒரு ஆள் இருக்கிறார், கூட்டிக்கொண்டு வாறன்."

இது நடந்தது 2023ஆம் ஆண்டு தை மாதம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களுக்கும் விலை ஏறியிருந்தது. ஒழுங்கை ஒழுங்கையாகத் தரகர்கள் வந்து கொட்டில்களை எட்டிப் பார்த்தார்கள். எங்கள் கொட்டிலில் நின்றது ஒரு மொறிஸ் மைனர். மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. விற்பதென்று முடிவெடுத்தேன்.

கராஜில் கேட்டேன். ஐந்து சில்லுகளையும் சுரண்டிப் பெயின்ற் பூசக் கேட்ட கூலி, தையலில் நான் ஒரு மாதம் உழைப்பதற்கு மேல். எனவே வீட்டிலேயே செய்யத் துணிந்தேன். இதில் நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். எங்களில் பலருடைய வளவுகளில் ஒரு பழைய கார், ஒரு லான்ட்மாஸ்டர், ஒரு தள்ளுவண்டி துருப்பிடித்து நிற்கிறது. முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்

மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டிலிருந்து 1971 வரை செய்யப்பட்ட கார். 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் என்பவற்றோடு இதுவும் ஹயர் காராக ஓடியது. என் கணவர் ஓட்டியதும் அப்படித்தான்.

1990இல் போர் மீண்டும் தொடங்கி வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது இந்தக் கார்கள்தான் எங்களைச் சுமந்தன. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையின் மணம் எங்கள் வயதுக்காரருக்கு மறக்காது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது, இந்த மைனருக்குள் நாங்கள் ஒன்பது பேர் ஏறித் தென்மராட்சிக்குப் போனோம். மடியில் பிள்ளைகள், கூரையில் பாய் தலையணை. சில்லுகள் நாலும் தாங்கின.

2006ஆம் ஆண்டு கடைசியில் ஒருநாள் காலை வெளியே போன என் கணவர் திரும்பி வரவில்லை. கார் கொட்டிலில் நின்றது. பிறகு அதை யாரும் பெரிதாக ஓட்டவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, அவரோடு ஒரே ஸ்ராண்டில் ஓடிய அண்ணை ஒருவர் வந்து இயந்திரத்தை இயக்கி விடுவார். உப்புக் காற்றும் மாரி ஈரமும் சில்லைத் தின்றதை நான் கவனிக்கவில்லை.

ஐந்தாவது சில்லில் தொடங்குங்கள்

"எல்லாத்தையும் ஒரே நாளிலை கழட்டி, காரைக் கல்லிலை ஏத்தி வைச்சிடாதை தங்கச்சி," என்றார் அண்ணை. "ஸ்பெயார் சில்லிலை துவங்கு. அது காய்ஞ்ச பிறகு அதைப் பூட்டி மற்றதைக் கழட்டு. கார் எப்பவும் நாலு சில்லிலை நிக்கும்."

எவ்வளவு நல்ல யோசனை! சீமெந்துக் கல்லுக்கு மேல் காரை நிறுத்துவது ஆபத்து. கல் சொல்லாமல் வெடிக்கும். ஒரு சில்லாகச் செய்தால் நாட்கள் கூடும், ஆனால் பயமில்லை. நானும் மகளும் இப்படித்தான் கழற்றினோம்:

காரை மட்டமான கெட்டி நிலத்தில் நிறுத்தினோம். மணலில் ஜக் புதைந்துவிடும். ஜக்குக்குக் கீழே தடித்த பலகை வைத்தோம். உயர்த்தாத பக்கத்துச் சில்லுகளுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை அடித்தோம். மைனரின் கைப் பிறேக் பின் சில்லுகளைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தை உயர்த்தினால் அந்தப் பிறேக்கை நம்பக் கூடாது. முன் சில்லின் கட்டைதான் காரைப் பிடித்திருக்கும்.

நட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே சற்று இளக்க வேண்டும். உயர்த்திய பிறகு பலம் போட்டு இழுத்தால் கார் ஜக்கிலிருந்து சரியும். ஒரு சில்லுக்கு நாலு நட்டு. இறுகிப்போன நட்டுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு வைத்தோம். ஜக்கில் நிற்கும் காருக்குக் கீழே கை, கால், தலை எதையும் நீட்டக் கூடாது. சிறு பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

கழற்றிய சில்லைச் சைக்கிள் கரியரில் கட்டி, சந்தியிலுள்ள ரயர் கடைக்குக் கொண்டுபோனேன். வால்வைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகே ரயரை எடுக்க வேண்டும். இதை வீட்டில் கம்பியால் நெம்பிச் செய்ய முயலாதீர்கள். ரயர் ஒட்டியிருக்கும் உள்விளிம்பில்தான் துரு கூட இருக்கும், அந்தத் துரு ரியூப்பையும் அறுக்கும். அதனால் ரயரோடு மேலால் மட்டும் பூசுவது பாதி வேலைதான்.

ரயர் கடைத் தம்பி இன்னொன்றும் காட்டித் தந்தார். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 1214 என்றால் 2014ஆம் ஆண்டின் 12ஆவது கிழமை செய்தது. பூ அழியாமல் இருந்தாலும் ரயர் வயது போனால் வெடிக்கும் என்றார்.

சுரண்டும் வேலை

இந்த வேலையில் முக்கால் பங்கு சுரண்டுவதும் தேய்ப்பதும்தான். பூசுவது கால் பங்கு. முதலில் மண்ணெண்ணெய் துணியால் கிறீஸையும் அழுக்கையும் துடைத்தேன். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டேன். மண்ணெண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ற் பிடிக்காது. இதற்குப் பெற்றோலைப் பாவிக்க வேண்டாம். ஒரு பொறி போதும்.

உரிந்து நின்றவற்றைக் கம்பிப் பிறஷால் எடுத்தேன். பிறகு 80ஆம் இலக்கக் கடதாசி, 120, 240 என்று படிப்படியாக மென்மையானவற்றுக்கு வந்தேன். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வோட்டர் பேப்பரையே வாங்குங்கள். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துப் பெயின்ற்றில் ஈயம் சேர்ப்பது வழக்கம். உலரத் தேய்த்தால் தூள் பறக்கும். ஈயத்தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணித் தாய்மார் இந்த வேலைக்குக் கிட்டவே வரக் கூடாது. கீழே பிளாஸ்ரிக் விரிப்பு விரித்து, ஈரமாகத் தேய்த்து, வந்த சேற்றைக் கூட்டிக் கட்டி எறியுங்கள். முகக்கவசம் போடுங்கள். உடுப்பைத் தனியே தோயுங்கள். கை கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடாதீர்கள்.

தேய்க்கத் தேய்க்க நிறங்கள் மாறின. மேலே கிறீம், அதற்குக் கீழே மண்சிவப்பு, அதற்கும் கீழே பழைய வெள்ளை. மேலே இருந்த கிறீம் அவர் பூசியது. முன் சில்லு ஒன்றில், ஓரமாக, பிறஷின் மயிர் ஒன்று அந்தப் பெயின்ற்றுக்குள் ஒட்டிக் கிடந்தது. அவர் பூசும்போது விழுந்தது. அன்று எனக்கு அதற்கு மேல் கை ஓடவில்லை.

"நான் தேய்க்கட்டே அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"வேண்டாம். விடியத் தேய்ப்பம்," என்றேன்.

விடிய எழும்பி நானே தேய்த்தேன். அந்தப் பெயின்ற்றுக்குக் கீழேயும் துரு ஊர்ந்திருந்தது. விட்டு வைத்திருந்தால் சில்லையும் தின்றிருக்கும்.

பூசும் வேலை

இரும்பு வெளித்ததும் அன்றைக்கே முதற்பூச்சு பூசிவிட வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் ஓர் இரவு வைத்தாலே திரும்பத் துருப் படியும். ஹாட்வெயாரில் கிடைக்கும் றெட் ஒக்சைட்டை மெல்லியதாக இரண்டு தரம் பூசினேன். அது நன்றாகக் காய்ந்த பிறகு 400ஆம் இலக்கக் கடதாசியால் மெல்லத் தடவி, துடைத்து, எனாமல் பெயின்ற்றை இரண்டு தரம் பூசினேன். தடிப்பாக ஒரு தரம் பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு மூன்று தரம் பூசுவதே நல்லது. தடித்த பூச்சு வழியும், உள்ளே காயாமல் சுருங்கும்.

சில்லை நிமிர்த்தி வைக்காமல், கவிழ்த்த பூச்சாடிக்கு மேல் படுக்க வைத்துச் சுற்றிச் சுற்றிப் பூசினால் வழியாது. தூசி அடங்கிய காலை நேரம் நல்லது. மாரியிலும் பனி விழும் மாலையிலும் பூசினால் பளபளப்புப் போய்விடும். தை, மாசி வெயில் இதற்கு வாய்ப்பு. தொட்டால் ஒட்டாது என்பதற்காக உடனே பூட்டாதீர்கள். உள்ளே இறுக ஒரு கிழமையாவது விட்டேன்.

நட்டு இருக்கும் குழிகளில் பெயின்ற் தடிப்பாக இருக்கவே கூடாது. நட்டை இறுக்கும்போது பெயின்ற் நசியும். ஓட ஓட அது உதிர்ந்து நட்டு இளகும். சில்லு கழன்று ஓடிய கதைகள் சில இப்படித்தான் நடந்தவை. நான் அந்தக் குழிகளைப் பூசாமல் துடைத்துவிட்டேன். சில்லு அச்சோடு ஒட்டும் உட்பக்கத்துக்கும் மெல்லிய முதற்பூச்சு மட்டும்தான்.

கராஜ்களில் இரண்டு டின் கலந்து விசிறும் பெயின்ற் பளபளப்பாக இருக்கும். ஆனால் அதன் ஆவி நெஞ்சைக் கெடுக்கும். கொரோனாக் காலத்து முகக்கவசம் அதற்குப் போதாது. வீட்டில் அதைத் தொட வேண்டாம். தின்னர் டின்னை அடுப்படிக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். பெயின்ற் துடைத்த துணிகளைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள். மிச்சத் தின்னரை வளவில் ஊற்றாதீர்கள். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது.

வெண்கட்டித் தூளில் தெரிந்த கோடு

ஸ்பெயாரையும் முன் சில்லுகள் இரண்டையும் முடித்துவிட்டேன். மூன்று சில்லுகள் புதிது போல் பூட்டியாயிற்று. தரகர் சொன்ன ஆள் வர இரண்டு நாள் இருந்தது. இடது பின் சில்லைச் சுரண்டினேன். நட்டுக் குழி ஒன்றுக்குப் பக்கத்தில் மயிர் போல ஒரு கோடு. கம்பிப் பிறஷின் கீறல் என்றுதான் நினைத்தேன். ஆனால் தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை.

அயலிலுள்ள பெடியன் ஒருவன் பார்த்தான். "அக்கா, கொஞ்சம் புட்டி போட்டு மேலாலை அடிச்சு விடுங்கோ. ஆர் பாக்கப் போகினம்?" என்றான்.

மனம் கேட்கவில்லை. அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "புட்டியைத் தொடாதை. மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் எடு," என்றார்.

அவர் சொன்னபடி செய்தேன். சுரண்டிய இரும்பில் மண்ணெண்ணெயைத் தாராளமாகப் பூசி அரை மணித்தியாலம் விட்டேன். பிறகு துளி ஈரமும் இல்லாமல் துடைத்தேன். பள்ளிக்கூட வெண்கட்டியை இடித்துத் தூளாக்கி மேலே மெல்லியதாகத் தூவினேன். கீறலாக இருந்தால் தூள் அப்படியே வெள்ளையாக இருக்கும். வெடிப்பாக இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து தூளை நனைக்கும்.

பார்த்துக்கொண்டே இருந்தோம். வெள்ளைத் தூளில் மெல்ல ஒரு கறுத்த கோடு எழுந்தது. நட்டுக் குழியில் தொடங்கி, பக்கத்துக் குழியை நோக்கிப் போனது. துடைத்துவிட்டுத் திரும்பவும் செய்தோம். அதே கோடு.

அண்ணை மாலை வந்து பார்த்தார். "வெடிச்ச சில்லை ஒட்டியும் பாவிக்கக் கூடாது. ஆக்களை ஏத்தி வேகமா ஓடேக்கை நட்டைச் சுத்தி அப்படியே பிஞ்சு வரும்," என்றார். இந்தச் சோதனை எல்லா வெடிப்பையும் காட்டாது, சந்தேகம் இருந்தால் தெரிந்த ஒருவருக்குக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன். அன்றிரவு நான் புட்டி டின்னைக் கையில் எடுத்தேன். மகளின் பணத்துக்குக் கடைசி நாள் கிட்டி வந்திருந்தது. வேறு சில்லுத் தேட நேரமில்லை. பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. வாங்குபவர் தெற்கே கொண்டுபோய்விடுவார்.

ஆனால் அவர் தொலைபேசியில் ஒன்று சொல்லியிருந்தார். தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பழைய காரில் போக ஆசையாம். 1995இல் நாங்கள் ஒன்பது பேர் போனது ஞாபகம் வந்தது. அன்று அந்தச் சில்லுகளைப் பார்த்தவர், தட்டிப் பார்த்து இறுக்கியவர் என் கணவர். அவர் பார்க்காமல் எங்களை ஏற்றியிருந்தால்?

டின்னை மூடி வைத்தேன்.

திண்ணையில் வைத்த சில்லு

அவர் வந்த நாளில் காரில் மூன்று சில்லு புதிது, ஒன்று துரு. ஐந்தாவதை வெண்கட்டித் தூளோடு திண்ணையில் வைத்திருந்தேன். கோட்டைக் காட்டி விளக்கம் சொன்னேன். தரகரின் முகம் கறுத்தது. "இதை ஏன் அக்கா வெளியாலை வைச்சனீங்கள்?" என்று மெல்லக் கேட்டார்.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒரு சில்லின் விலையைக் குறைப்பதோடு நிற்கவில்லை. "இப்படி இன்னும் என்னென்ன இருக்குமோ" என்று பெரிய தொகை குறைத்துக் கேட்டார். நான் ஒரு சில்லின் விலையை மட்டுமே குறைப்பேன் என்றேன். அவர் போய்விட்டார். தரகர் பிறகு எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை.

மகளின் பணத்துக்கு என் காப்பு இரண்டை அடைவு வைத்தேன். அது இலகுவான நாளல்ல. அன்று யாராவது வந்து "நல்ல வேலை செய்தாய்" என்று சொல்லியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்துப் பழைய உதிரிப் பாகம் விற்கும் ஒருவரிடம் அதே 14 அங்குலச் சில்லு, அதே நாலு குழியோடு கிடைத்தது. பணம் கொடுக்க முன்னர், கையோடு கொண்டுபோன மண்ணெண்ணெய்ப் போத்தலையும் வெண்கட்டித் தூளையும் எடுத்தேன். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன். தூள் வெள்ளையாகவே இருந்தது. வாங்கினேன்.

வெடித்த சில்லை இரும்புக்காரரிடம் போட இருந்தேன். "அப்படியே குடுத்தால் ஆரோ பெயின்ற் அடிச்சுத் திரும்ப விப்பான். வெட்டிப்போட்டுக் குடு," என்றார் அண்ணை. ஒட்டுக்கடையில் கொடுத்து இரண்டாக வெட்டுவித்த பிறகே விற்றேன்.

இப்போது

அதற்குப் பிறகு காரை விற்கவில்லை. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் ஒழுங்காக்கினேன். கலியாண வீடுகளுக்குப் பழைய காரைக் கேட்டு வருகிறார்கள். அண்ணையின் மகன் ஓட்டுகிறார். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். முகூர்த்த மாதங்களில் தையலுக்குத் துணையாக வருகிறது. அடைவு வைத்த காப்பில் ஒன்று மீண்டுவிட்டது.

"அவர் வந்தால் கார் எங்கே என்று கேட்பாரே" என்று முன்பு நினைப்பேன். அந்த நினைப்பில் பதினாறு வருடம் காரைத் தொடாமல் மூடி வைத்திருந்தேன். மூடிக் கிடந்ததால்தான் சில்லு இன்னும் துருப்பிடித்தது. இப்போது அவர் வந்தால் கார் ஓடிக்கொண்டிருக்கும்.

சகோதரிகளே, உங்கள் வளவில் நிற்கும் எதையும் இரும்பு விலைக்குக் கொடுக்க முன்னர், ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். நல்ல இரும்பா, வெடித்த இரும்பா என்று நீங்களே கண்ணால் காணுங்கள். நல்லதென்றால் பூசுங்கள். வெடித்ததென்றால் பூசி மறைக்காதீர்கள், பிறர் உங்களுக்கு மறைத்து விற்கவும் விடாதீர்கள்.

சில்லுப் பூட்டும்போது நட்டின் கூம்பான பக்கம் சில்லைப் பார்க்க இருக்க வேண்டும். ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாறி மாறி இறுக்க வேண்டும். கடைசி இறுக்கு, ஜக்கை இறக்கிச் சில்லு நிலத்தில் நின்ற பிறகு. 50 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

மணமகளை ஏற்றக் கார் வெளிக்கிட முன்னர் ஒவ்வொரு முறையும் நான் ஸ்பனரை எடுத்துக்கொண்டு குந்துகிறேன். நாலு சில்லு, பதினாறு நட்டு. பதினாறையும் என் கையால் பார்த்த பிறகுதான் படலையைத் திறந்து விடுவேன்.